ஜாபரின் கூடாரமும் தையல்நாயகியின் நெல்லும்

வியாழன், மாலை 5 மணி, தஞ்சாவூர்

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மழைக்கோட்டும் பள்ளிப் பையும் தார்ப்பாயும் தொங்கும் ஒரு கடையில் இந்தப் பயணம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை நான் மணாலி போக டெல்லி ரயிலேற வேண்டும். அங்கே மலைமேல் பனியில் ஐந்து இரவுகள் முகாம். இரவில் மைனஸ் ஏழு வரை போகும் என்று முகாம்காரர்கள் எழுதியிருந்தார்கள். கடைக்காரர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தடித்த உள்ளாடைகளை எடுத்துப் போட்டார். விலை கேட்பதற்கு முன்பே எனக்கு வேர்த்துவிட்டது.

போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் விலையைச் சொல்லிவிடுகிறேன். தெர்மல் உள்ளாடை ஒரு ஜோடி 650. குரங்குக் குல்லா 120. தலையில் மாட்டும் டார்ச் 350. கீழே விரிக்கும் ரப்பர் பாய் 700. அவசரத்துக்குப் போர்த்திக்கொள்ளும் வெள்ளித்தாள் 150. மடித்தால் சட்டைப் பையில் அடங்கும், பிரித்தால் பிரியாணிப் பொட்டலம் மாதிரி சத்தம் போடும். விசில் 30. ஆபத்தில் மூன்று முறை ஊத வேண்டுமாம். கேட்கிற தூரத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதை அட்டையில் போடவில்லை. கம்பளிக் கையுறைக்கு மேலே போட, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கிக்கொண்டேன். எழுபது ரூபாய். மலையேற்றக் கையுறை என்று கேட்டால் ஆயிரத்துக்குக் குறையாது. இந்த யோசனை ஜாபருடையது.

ஜாபர் யார் என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடமாக நாங்கள் இருவரும் வருடத்துக்கு ஒரு முறை எங்காவது போய்க் கூடாரம் போட்டுத் தூங்குவோம். நான் கல்யாணம் செய்துகொள்ளாத ஜெராக்ஸ் கடைக்காரன். அவன் கீழ்வேளூர்க்காரன், மனைவியை இழந்தவன். இந்தப் பனி முகாமுக்கும் போன ஆகஸ்டில் இருவரும் சேர்ந்தே முன்பணம் கட்டினோம். நவம்பரில் அவன் ஷார்ஜாவிலிருக்கும் மகளோடு இருக்கப் போய்விட்டான், ஒரேயடியாக. "நீ போயிட்டு வா மாப்ள, போட்டோ அனுப்பு" என்றான். போய்விடலாம்தான். ஆனால் எனக்கு அவன் இல்லாமல் ஒரு ராத்திரிகூட வெளியே தூங்கிப் பழக்கமில்லை. ஐம்பத்தாறு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"டென்ட் வேணுங்களா? ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?" என்றார் கடைக்காரர். ஒருவருக்கு 2,400, இருவருக்கு 3,100, இரண்டும் உள்துணி, மேல்துணி என்று இரட்டைத் துணி.

"கீழ்வேளூர்ல ஒண்ணு இருக்கு" என்று சொல்லி நழுவினேன். பொய்யில்லை. ஜாபர் சவுதியிலிருந்து கொண்டுவந்த எங்கள் ஆரஞ்சுக் கூடாரம் அவன் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதை எடுத்து ஒரு ராத்திரி வெளியே போட்டுத் தனியாகத் தூங்கிப் பார்ப்பது. முடிந்தால் மணாலி, முடியாவிட்டால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுவது. இதுதான் என் திட்டம்.

வெள்ளி, காலை 9.10

நாகப்பட்டினம் பாசஞ்சரில் கீழ்வேளூருக்கு இருபது ரூபாய். எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பக்கத்து இருக்கையில் ஜாபர் உட்காரும் இடத்தில் என் மூட்டையை வைத்தேன். ரயில் ஏறினதும் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பது அவன் வழக்கம். நான் பிரிக்கவில்லை. திருவாரூர் தாண்டியும் பசிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே சம்பா பாதி அறுத்தும் பாதி நின்றும் இருந்தது. அறுவடை இயந்திரங்கள் வரப்பில் வரிசை கட்டி நின்றன.

ஜாபர் வீடு பூட்டியிருந்தது. சாவி, அவன் நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் தையல்நாயகியிடம். அவரைத் தேடினால், நெல்லோடு கொள்முதல் நிலையத்துக்குப் போய் ஆறு நாளாகிறது என்றார்கள். ஆட்டோவில் தெற்கே நான்கு கிலோமீட்டர், எண்பது ரூபாய்.

"யாரப் பாக்கணும்ணே?" என்றார் ஆட்டோக்காரர்.

"தையல்நாயகின்னு ஒருத்தங்க. சாவி வாங்கணும்."

"அவங்க நெல்ல விட்டு நவுர மாட்டாங்க. நீங்கதான் அங்க போய் உக்காரணும்."

பகல் 12.30

களத்தில் முப்பது, நாற்பது நெல் குவியல்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குடும்பத்தின் ஆள். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால்தான் நெல்லை எடுப்பார்கள். பகலில் காய வைப்பதைப் பனி ராத்திரியில் நனைத்துவிடுகிறது. அதனால் ஆளுக்கு ஐந்து நாள், பத்து நாள் என்று அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்குகிறார்கள். பனிக்காலத்தில் வெட்டவெளியில் தங்குவதைப் பற்றி நான் ஒரு மாதத்துக்குக் குறையாமல் கைப்பேசியில் வீடியோ பார்த்திருந்தேன். அதை ஒரு வார்த்தை படிக்காமல் வருடா வருடம் செய்கிறவர்கள் என் வீட்டிலிருந்து எழுபது கிலோமீட்டரில் இருந்திருக்கிறார்கள்.

தையல்நாயகிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் மஸ்கட்டில். நான் யாரென்று சொன்னதும், "பாய் சொன்னாங்க சார்" என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்தவர், நான் வந்த காரியத்தைக் கேட்டதும் நிறுத்திக்கொண்டார்.

"டென்ட்டு இங்கதான் இருக்கு. வேணுங்கறத எடுத்துக்கன்னு பாய் சொன்னாங்க, எடுத்தாந்துட்டேன்."

குவியலின் ஓரத்தில் மடித்துக் கிடந்தது பழைய நீலத் தார்ப்பாய். நடுவில் ஒரு முழத்துக்குக் கிழிசல். ராத்திரியில் அந்தக் கிழிசலின் மேல் போடுவது எங்கள் கூடாரத்தின் ஆரஞ்சு மேல்துணி. அதில் ஜாபர் மெழுகுவர்த்தியால் சுட்ட ஓட்டையும், அதற்கு நான் போட்ட ஒட்டும் அப்படியே இருந்தன. உள்துணியும் கம்பிகளும் பையிலேயே இருந்தன.

"நேத்து பதினெட்டு காட்டுச்சு. இன்னிக்கி ஒரு வெயில் காஞ்சா நாளைக்கி எடுத்துருவாங்க" என்றார். பிறகு, "நீங்க எடுத்துக்கங்க சார். உங்க பொருளு. நான் சாக்கு போட்டுக்குறேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் துணியைத் தொட்டதும் எனக்கு ஒரு குழந்தைப் பிடிவாதம் வந்துவிட்டது. இது ஜாபருடையது, என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு வேண்டும். "சரிங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

மாலை 6.15

சோதனையை அங்கேயே வைத்துக்கொண்டேன். குவியல்களைத் தாண்டி, வேப்ப மரத்தடியில் கூடாரம் போட்டேன். கம்பியின் ஒரு முனையை ஜாபர் பிடிப்பான், மறு முனையை நான். தனியாகப் போட முக்கால் மணி நேரம் பிடித்தது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

இருட்டுகிற நேரத்தில் களத்தில் எல்லோரும் ஒரே வேலையைச் செய்தார்கள். இருப்பதில் நல்ல தார்ப்பாய் நெல்லுக்கு. ஆளுக்கு மிஞ்சுவது கோணிச் சாக்கும் வைக்கோலும். தையல்நாயகி கிழிசலின் மேல் நாலைந்து சாக்கைப் பரப்பிக் கல் வைத்தார். தார்ப்பாயின் ஓரத்தை ஒரு பக்கம் தூக்கிக் குச்சி முட்டுக் கொடுத்தார்.

"அது எதுக்கு?" என்றேன்.

"மூடியே வெச்சா உள்ள வேர்த்துரும் சார். நெல்லு மூச்சு விடணும்." என் கூடாரத்தைப் பார்த்து, "நீங்களும் ஜிப்ப கொஞ்சம் தெறந்து வெச்சுக்கங்க" என்றார். என் ரப்பர் பாய்க்கு அடியில் போட ஒரு கட்டு வைக்கோலும் கொடுத்தார். 700 ரூபாய்ப் பாய் செய்யாத வேலையை அந்த வைக்கோல் செய்தது. தரையின் குளிர் ஏறவேயில்லை.

ஜிப்பை மட்டும் நான் திறக்கவில்லை. மைனஸ் ஏழுக்குப் பழக வேண்டாமா? தெர்மல், குல்லா, அதற்கு மேல் வெள்ளித்தாள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு படுத்தேன். வெளியே இருபது டிகிரி.

சனி, விடியற்காலை 4.40

தெப்பமாக நனைந்து விழித்தேன். மழையில்லை, என் வேர்வைதான். வெள்ளித்தாள் ஒரு சொட்டைக்கூட வெளியே விடவில்லை. அது உயிர் போகிற அவசரத்துக்கு, தூங்குவதற்கல்ல. இதை 150 ரூபாய்க்குக் கற்றுக்கொண்டேன்.

டார்ச்சைப் போட்டபோது இன்னொன்றையும் பார்த்தேன். கூடாரத்தின் இடது ஓரத்தில், சுவரை ஒட்டி ஒடுங்கிப் படுத்திருக்கிறேன். வலது பக்கம் முழுக்கக் காலி. ராத்திரி முழுவதும் ஜாபருக்கு இடம் விட்டிருக்கிறேன். அவனிடம் சொன்னால் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது.

அப்போதுதான் மேல்துணியில் சொட்டு விழும் சத்தம். இலையிலிருந்து பனி என்று நினைத்தேன். இல்லை, தூறல். காதைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு தூங்குகிறவர்களுக்குத் தூறல் கேட்காது. வெளியே வந்து விசிலை எடுத்து ஊதினேன். மூன்று முறை என்பதெல்லாம் மறந்துவிட்டது, மூச்சு இருக்கும் வரை ஊதினேன். களம் முழுக்க எழுந்து, தூக்கி வைத்த தார்ப்பாய் ஓரங்களை இழுத்து மூடியது.

நான் கூடாரத்தின் மேல்துணியைக் கட்டுகளோடு பிடுங்கிக்கொண்டு ஓடினேன். நானும் தையல்நாயகியும் ஆளுக்கு ஒரு முனை பிடித்துக் கிழிசலின் மேல் போர்த்தினோம். அதற்குள் சாக்கு ஊறி, அடியிலிருந்த நெல்லும் நனைந்துவிட்டது. கால் மணி நேரத்தில் தூறல் நின்றது.

பகல் 11 மணி

ஈரப்பதக் கருவி பத்தொன்பது காட்டியது.

"என்னாலதான்" என்றேன்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. "ரெண்டு வெயிலு காஞ்சா சரியாயிரும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலால் நெல்லைப் பிரிக்க ஆரம்பித்தார். ஏழு நாளில் முடிய வேண்டியது ஒன்பது நாளாகிறது. எனக்காக ஒரு மனுஷி இன்னும் இரண்டு ராத்திரி சாக்கில் படுக்க வேண்டும். அவர் திட்டியிருந்தால் தேவலை. உள்துணி, கம்பி, முளை எல்லாவற்றையும் பையில் போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன். மேல்துணி நெல்லின் மேலேயே இருந்தது.

"நீங்க பனிக்குப் போறீங்களே?"

"வேற வாங்கிக்கிறேன். இது இங்கயே இருக்கட்டும்."

மாலை 6 மணி, தஞ்சாவூர்

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "கீழ்வேளூர் டென்ட் என்னாச்சு?"

"அது வேலையா இருக்கு" என்றேன்.

"அப்ப, எத்தன பேருக்கு?"

"ஒருத்தருக்கு."

2,400 ரூபாய். கையில் தூக்கினால் எடையே இல்லை.

திங்கள், பிற்பகல் 2.20

ரயில் நாக்பூரைத் தாண்டியிருந்தது. வெளியே பருத்தி எடுத்து முடிந்த காய்ந்த நிலம். ஒரு வாய்க்கால் கண்ணில் படவில்லை. எங்கள் பக்கம் ஜன்னலைத் திறந்தால் வரும் சேற்று வாசனைகூட இல்லாமல் பெட்டி அந்நியமாக இருந்தது. தையல்நாயகி கூப்பிட்டார்.

"பதினேழு காட்டிருச்சு சார். மூட்ட போட்டாச்சு. இப்பதான் வீட்டுக்கு வந்தேன்."

சந்தோஷம் என்றேன்.

"டென்ட்ட வாய்க்கால்ல அலசி, முழுசா போட்டுக் காய வெச்சிருக்கேன். உள்ள போய்ப் பாத்தேன், இம்மாம் பெருசா இருக்கு. நீங்க அன்னிக்கி வெளிய துணி பொடச்சுத் தெரியற மாதிரி ஓரமா ஒடுங்கிக் கெடந்தீங்களேன்னு நெனச்சேன். ரெண்டு பேரு படுக்கலாம் போலருக்கே?"

"தாராளமா படுக்கலாங்க" என்றேன். "ரெண்டு பேருக்கு வாங்கினதுதான்."