வேலிக்கு உள்ளே பழுத்த மேஹா

வெர்டி ஃபோன்டெனோவிடம் "முடியாது" என்று சொன்னவர்கள் எல்லாம் பிறகு வருத்தப்பட்டிருக்கிறார்கள். லூசியானாவின் சதுப்பு நாட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எப்பேர்ப்பட்ட முரட்டுப் பையனும் பின்கண்ணாடியில் அவள் ஒரு பார்வை பார்த்தால் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடுவான்.

அந்த வருடம் அவளுக்கு ஒரே கவலை, அக்கா ஓடீல். புற்றுநோய் மருந்து ஏறி ஏறி ஓடீலுக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. எதைக் கொடுத்தாலும், "காகித அட்டையைத் திங்கிற மாதிரி இருக்குடி" என்று தள்ளிவிடுவாள். ஒருநாள் அவளே கேட்டாள்:

"மேஹா பழுத்துருச்சா? அந்தப் புளிப்பு மட்டும் எனக்குத் தெரியும்னு தோணுது."

மேஹா, சதுப்புத் தண்ணீரில் முழங்கால் நனைய நிற்கும் காட்டு முள்மரம். குளிர் போகுமுன், இலைகூட விடாமல், வெள்ளையாய்ப் பூத்துவிடும் அவசரக்காரி. முள்ளுக்குப் பயந்து மரத்தில் யாரும் கைவைப்பதில்லை. வைக்கத் தேவையுமில்லை. மே மாதம் பழம் இலந்தை அளவில் சிவந்து, தானே விழுந்து மிதக்கும். வலைபோட்டு அள்ளவேண்டியதுதான்.

ஆனால் நகரத்துக்காரன் டீக் அந்த மரங்கள் நின்ற சதுப்பை வாங்கி, அங்கேயே வீடும் கட்டி, வேலி போட்டுவிட்டான். வெர்டி போய்க் கேட்டாள்.

"ஒரு பழம்கூட வெளிய போகாது, மேடம்."

"நான் உள்ள வரல தம்பி. அதுங்களே நடந்து வரும், பாருங்க."

மழை பெய்தால் சதுப்புத் தண்ணீர் சாலைக்கு அடியிலுள்ள குழாய் வழியாகத்தான் வெளியேறும். வேலை முடிந்ததும் வெர்டி தினமும் மடக்கு நாற்காலியும் கைவலையுமாய்க் குழாயின் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஊரே சிரித்தது. டீக் சும்மா இருப்பானா? தன் பக்கத்துக் குழாய் வாயை மூடிக் கம்பிவலை அடித்தான்.

மழை வந்தது, கொட்டித் தீர்த்தது. பழமும் சருகும் சேர்ந்து கம்பிவலையை அடைத்துக்கொண்டன. போக்கிடம் இல்லாத தண்ணீர் டீக்கின் வீட்டுக்குள் புகுந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மாவா? தொடைவரை நனைந்து வெர்டியிடம் ஓடிவந்தான்.

"மேடம், கம்பிவலையைப் பிடுங்கப்போறேன். சோபா மிதக்குது!"

"பிடுங்குங்க, யாரு வேணாம்னா? மெதுவா. பழம் நசுங்கிரப்போகுது."

குழாய் வழியே பழம் சிவப்பாய் வந்து குவிந்தது. மேஹாவை ஊரில் ஜெல்லியாகக் காய்ச்சித்தான் தின்பார்கள்; அதுவரை வெர்டிக்குப் பொறுமையில்லை. ஈரக்காலோடு வீட்டுக்குப் போய், ஒரு பழத்தைக் கழுவி அக்காவின் வாயில் வைத்தாள்.

ஓடீல் மென்றாள். முகம் சுருங்கியது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"அடிப்பாவி, என்னா புளிப்பு!"

வெர்டி அவள் மடியில் முகம் புதைத்து அழுதாள். ஓடீல் அடுத்த பழத்துக்குக் கை நீட்டினாள்.