முனீபின் கூட்டங்களில் எல்லாருக்கும் சம்மதம்

கிண்ணியாவில் வந்து மொழிபெயர்ப்பாளர் முனீபின் வீடு எது என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். 'சம்மத முனீப்' என்று கேட்டால் போதும், ஓட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். வெளிநாட்டுத் திட்டக்காரர்கள் ஊரில் கூட்டம் வைத்தால் நடுவில் ஒரு கதிரை அவருக்கு. இருபது வருடமாக அவர் அந்தக் கதிரையில் இருந்த எந்தக் கூட்டத்திலும் ஊர்மக்கள் ஒன்றை வேண்டாம் என்றதாக அறிக்கையில் ஒரு வரிகூடக் கிடையாது. அறிக்கையை எழுதியவரும் அவரேதான்.

சுனாமிக்கு முன்பு அவர் ஒரு சீமெந்துக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கிரிக்கெட் வர்ணனை கேட்டுப் பிடித்த ஆங்கிலம். அதை நம்பி, சுனாமிக்குப் பின் வலை கொடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அவரை மொழிபெயர்க்கக் கூட்டிப்போனார். வலைகளைப் பங்கிடுவதில் ஊர் மீனவர்களுக்கும் அந்த அம்மாவுக்கும் இழுபறி. இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம் என்பதை அந்த அம்மா தன் பாஷை வழக்கப்படி 'பாதி வழியில் சந்திப்போம்' என்றார். முனீப் சொல் பிசகாமல் அப்படியே சொன்னார். அம்மா தங்கியிருந்தது திருகோணமலை டவுனில். அப்போது பாலம் கிடையாது. டவுனுக்கும் கிண்ணியாவுக்கும் பாதி வழி என்றால் நட்டநடுத் தண்ணீர். மறுநாள் ஏழு மீனவர்கள் அங்கே தோணியை நிறுத்தி, பத்து மணி வெயில் வரை அந்த அம்மாவுக்காகக் காத்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் முனீப் பெரிய கொப்பி ஒன்று வாங்கினார். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். ஆங்கிலக்காரர்களுக்கு ஒரு விஷயம் பிடித்துப்போனால் எல்லாரும் ஒரே படகில் ஏறுகிறார்கள், அல்லது ஒரு புத்தகத்தின் ஒரே பக்கத்தில் போய் நிற்கிறார்கள். பிடிக்காததை ஏற்கவேண்டி வந்தால் துப்பாக்கிக் குண்டைக் கடிக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் கூட்டம் வைத்துக் குண்டு என்ற சொல்லை எடுக்கக் கூடாது என்ற புத்தி முனீபுக்கு இருந்தது. 'பல்லைக் கடிச்சிக்கிட்டு ஏத்துக்கொள்ளுங்க' என்று எழுதிக்கொண்டார். அழகான மொழிபெயர்ப்பு, குறை சொல்ல முடியாது.

தமிழை ஆங்கிலமாக்கும் மற்றப் பக்கத்துக்குக் கொப்பியே தேவைப்படவில்லை. ஊர்மக்கள் எதற்கும் ஓம் என்பார்கள். தேடி வந்த விருந்தாளியின் முகத்துக்கு நேரே ஏலாது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. வாயில் வருவதைத்தான் நான் மொழிபெயர்க்கலாம், மனசுக்குள் கிடப்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை என்பது முனீபின் கொள்கை. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். ஆனால் இந்தக் கொள்கையைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் தோமஸ் வந்தார். நெடுநெடுவென்ற உயரம், பார்த்தவர்களுக்கெல்லாம் வணக்கமும் ஸலாமும் சேர்த்துச் சொல்லும் நல்ல பிள்ளை. சுற்றுலாக்காரர் உலாவக் கடற்கரையில் சீமெந்து நடைபாதை போடுவது அவருடைய திட்டம். அவர் பிடித்த இடத்தில்தான் முப்பத்தொரு பெண்கள் கருவாடு காயப்போடுகிறார்கள். அதில் ஒருத்தி ரபீக்கா, முனீபின் மனைவி. வருடத்தில் நாலு கூட்டத்தால் ஒரு வீடு ஓடாது. இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் அந்தக் கருவாடுதான். சம்மதப் பத்திரத்தில் தோமஸ் கையெழுத்து வைத்தால் திங்கட்கிழமை மண்வெட்டும் இயந்திரம் வந்துவிடும்.

கூட்டத்தன்று காலையில் ரபீக்கா கேட்டாள்.

"இண்டைக்கு நீங்க ஆருட ஆள்?"

"நான் நடுவுல, புள்ள."

"நடுவுல இரிக்கிறவருக்கு ஆரு சோறாக்குற?"

முனீப் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

கூட்டம் கடற்கரைக் கொட்டகையில் நடந்தது. தோமஸ் வரைபடத்தை விரித்துக் காட்டி, எல்லோரும் படகில் ஏறிவிட்டோமா என்று கேட்டார். முனீப் திரும்பி, "உங்களுக்கெல்லாம் சம்மதமா?" என்றார்.

பெண்கள் சங்கத் தலைவி அசனா எழுந்தார். முனீபைவிடப் பத்து வயது மூத்தவர். "ஓம், நல்ல விஷயந்தானே. ஊருக்கும் வடிவு," என்றார். மற்றவர்களும் ஓம் என்றார்கள். ரபீக்காவும் ஓம் என்றாள், புருஷனைப் பார்க்காமல்.

தோமஸுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பால் தேத்தண்ணியும் இனிப்பான வட்டிலப்பமும் வந்தன. ஆளுக்கொரு கோப்பை வைக்கப்பட்டது. ஒருவரும் தொடவில்லை.

அந்தக் கரையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கல்யாணம் பேசப் போன இடத்தில் மனம் ஒப்பவில்லை என்றால் மாப்பிள்ளையைப் புகழ்வார்கள், வீட்டைப் புகழ்வார்கள், கோப்பையை மட்டும் தொடமாட்டார்கள். வீட்டுக்காரரும் விளங்கிக்கொண்டு வேறு இடம் பார்ப்பார். முப்பத்தொரு தேத்தண்ணியிலும் ஆடை படிந்தது. வட்டிலப்பத்தில் ஈ மொய்க்கத் தொடங்கியது.

"நோன்பா இவர்களுக்கு?" என்று தோமஸ் மெல்லக் கேட்டார். பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

முனீபுக்கு ஓம் என்ற ஒரு சொல் போதும். நோன்பு என்று சொல்லிவிட்டால் பத்திரம் முடிந்துவிடும், அடுத்த வருட வேலையும் நிச்சயம். ஆங்கிலத்தில் அதைவிடச் சுலபமான சொல் கிடையாது. ஆனால் அவருடைய கண் ரபீக்காவின் பக்கம் போனது. ரபீக்கா தன் கோப்பையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"இவர்களுக்குச் சம்மதமில்லை, சேர்," என்றார் முனீப்.

"எல்லோரும் ஆம் என்றார்களே?"

"அது உங்களுக்குத் தந்த மரியாதை. பதில் கோப்பையில் இருக்கிறது." வழக்கத்தையும் சொன்னார்.

தோமஸ் பேனாவை மூடினார். இவ்வளவு நேரம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டார். முனீப் அதைத் தமிழில் சொன்னார்.

"வந்த புள்ளைட முகத்த முறிக்கிறதா?" என்றார் அசனா. "நாங்க சொல்லாட்டி நீ சொல்லமாட்டியா, முனீபு? பின்ன எதுக்கு உன்ன நடுவுல வெச்சிரிக்கி?"

அதை முனீப் மொழிபெயர்க்கவில்லை.

அதன்பின் அரை மணி நேரம் சத்தமான சத்தம். முடிவில் நடைபாதை, மீனுக்கு ஐஸ் போடும் வாடிக்குப் பின்பக்கமாகப் போவதென்று ஆயிற்று. கருவாடு கிடக்கும் மணலை ஒருவரும் தொடுவதில்லை. தோமஸ் வரைபடத்தில் கோட்டை மாற்றிப் போட்டுக் காட்டினார். முதலில் அசனா கோப்பையை எடுக்கக் கையை நீட்டினார். பிறகு முப்பது கைகள். ஆறிப்போன தேத்தண்ணியை அவ்வளவு ருசித்துக் குடித்ததை நான் வேறெங்கும் கேள்விப்படவில்லை.

தோமஸ் எதையோ யோசித்துத் தன் பையிலிருந்து பழைய அறிக்கைக் கட்டை வெளியே எடுத்தார். பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறை. மெஷின்கள் துருப்பிடித்த தையல் கட்டடம். ஆடு படுக்கும் மீன் ஏலக் கொட்டகை. பதினொரு கூட்டம், பதினொன்றிலும் முனீபின் கையெழுத்தில் 'அனைவரும் உடன்பட்டனர்'.

ஒவ்வொன்றாக விரித்து, பக்கத்திலிருந்த வெறுங் கோப்பையைத் தொட்டுக்காட்டி, "இவற்றிலெல்லாம் குடித்தார்களா?" என்று கேட்டார்.

அசனா கரண்டிகளை எண்ணத் தொடங்கினார். ரபீக்காவுக்கு அந்தக் கேள்வியை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வாயில் வட்டிலப்பத்தோடு, "கேக்கிறார்தானே, சொல்லுங்க," என்றாள்.

முனீப் கதிரையை விட்டு எழுந்தார்.

"பதினொண்டுலயும் ஒராள்தான் குடிச்ச," என்றார் முதலில் தமிழில், எல்லாருக்கும் கேட்க. பிறகு தோமஸைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்.

"அது நான்தான், சேர்."