அறுநூத்திப் பன்னெண்ட ஆறால வகுத்தா

பத்தாவது கணக்குல ஒரு தடவ பெயிலானவ நான். இத சொல்றதுக்கு இப்ப வெக்கமில்ல. அப்ப யாராவது கேட்டா கடிச்சிக் கொதறிடுவேன். "செப்டம்பர் பரீட்சையும் ஊத்திக்கிச்சுன்னா பேசாம கரும்புக்குச் சோகை உரிக்க வந்துடு"ன்னு அப்பா சொல்லிட்டாரு. காஞ்ச எலயாச்சே, உரிச்சா கையெல்லாம் கீறும். எனக்குக் கையப் பத்திக் கவலயில்ல, படிப்பு போயிடுமேன்னுதான்.

எனக்குச் சொல்லிக் குடுக்க ஒத்துக்கினவ என்கூடப் படிச்சவ. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டாண்ட துணிக்கடை வெச்சிருந்த பாய் வூட்டுப் பொண்ணு. பாஸாயி பதினொண்ணு போய்க்கினு இருந்தா. ஒரு ஞாயித்துக்கெழம காலைல மூங்கில்துறைப்பட்டு பஸ்ல எங்க ஊருக்கு வந்தா. சாயங்கால பஸ்ல திரும்பிடறதுன்னு ஏற்பாடு.

வந்ததும் நோட்டப் பாத்துட்டுச் சிரிச்சா. அறுநூத்திப் பன்னெண்ட ஆறால வகுத்து நான் பன்னெண்டுன்னு போட்டிருந்தேன். "ஏன்டி, அறுநூத்திப் பன்னெண்டு கரும்ப ஆறு வண்டில ஏத்தினா வண்டிக்குப் பன்னெண்டுதானா? மீதிய இன்னா மாடு தின்னுடுச்சா?" எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு, நோட்ட மூடிட்டேன். அவளே அதத் தொறந்தா. "ஒண்ண எறக்கின. அதுல ஆறு போவுமா? போவாது. அதுக்காவ சும்மா வுட்டுட்டு அடுத்தத எறக்கக் கூடாது. சுழி போட்டுட்டுத்தான் எறக்கணும்." புரிஞ்ச மாரி தலையாட்டினேன். அடுத்த கணக்குலயும் சுழிய முழுங்கினேன்.

அன்னிக்கி மத்தியானம் ரோட்ல மரம் சாய ஆரம்பிச்சிது. இட ஒதுக்கீடு கேட்டு எங்க சாதி ஜனங்க பண்ண போராட்டம். புளிய மரத்தையெல்லாம் வெட்டிக் குறுக்கால போட்டாங்க, பஸ்ஸு நின்னு போச்சு. கோடாலியோட போயிருந்த எங்கண்ணன் வந்து, "இதெல்லாம் யாருக்குன்ற? ஒனக்குத்தான். நாங்க சீட்டு வாங்கித் தரோம், நீ வகுத்தலாண்டயே நின்னுக்கினு இரு"ன்னான். ஆத்திரமா வந்துச்சு. ஆனா அவன் சொன்னதுல தப்பில்ல.

கூடத்துல அவ ஒக்காந்திருக்க, அண்ணன் அடுப்பாண்ட என்கிட்ட வந்து, "அந்தப் பொண்ண ஏரிக்கர மேல சைக்கிள்ல கொண்டு போயி வுட்டுரட்டா? வூட்ல தேடுவாங்க"ன்னான். நான் யோசிக்கவே இல்ல. "போலீஸு சுத்துதாம், பொம்பளப் புள்ளைய வெச்சிக்கினு போவாத"ன்னேன். போலீஸு மெயின் ரோட்லதான் இருந்துச்சு, ஏரிக்கரைல ஈ காக்கா இல்ல. எனக்குப் பரீட்சைக்கு ரெண்டே வாரம் இருந்துச்சு. அவகிட்ட போயி, "வழியே இல்லியாம்டி"ன்னுட்டேன்.

சாயங்காலம் அவ முழங்கால்ல மொகத்த வெச்சிக்கினு அழுதா. "எங்கம்மா சாப்புடாதுடி." நான் தண்ணி மோந்து குடுத்தேன். பாவி, அப்பவும் ஏரிக்கர வழியச் சொல்லல. அவ மொகத்தக் கழுவிக்கினு வந்து, "சரி, நோட்ட எடு"ன்னா.

மூணு நாளு வகுத்தல், பின்னம், சதவீதம்னு ஓடுச்சு. நாலாவது நாளு காலைல நானே ஒரு பெரிய வகுத்தல் போட்டு, பெருக்கிப் பாத்தேன், சரியா வந்துச்சு. அவ கைதட்டினா. அவ சந்தோஷப்பட்டதப் பாத்ததும் நோட்ட மூடிட்டு எழுந்துட்டேன். அண்ணன எழுப்பி சைக்கிள எடுக்கச் சொன்னேன். பக்கத்து வூட்டு சைக்கிள எடுத்துக்கினு நானும் பின்னாலயே போனேன்.

அவங்கம்மா வாசல்லயே அவளக் கட்டிக்கினு கதறிட்டாங்க. துணிக்கட பாய், அவங்க அத்தா, என்னப் பாத்து, "மூணு நாளா வழியே இல்லியாம்மா?"ன்னாரு. கோவமாக்கூட கேக்கல. அவதான் சட்டுன்னு, "இன்னிக்கித்தான் அத்தா வழி வுட்டாங்க"ன்னா. அப்புறம் என் காதாண்ட வந்து, "ஒங்கண்ணன் அடுப்பாண்ட கேட்டது எனக்கும் கேட்டுதுடி. நானே கெளம்பியிருப்பேன். ஒனக்கு அப்ப கணக்கு ஒண்ணுமே வர்லியே, அதான் இருந்தேன்"ன்னா.

பாஸாயிட்டேன். ரிசல்ட்டு வந்தன்னிக்கே அவ வூட்டுக்கு ஓடுனேன். "உள்ள வாடி. அத்தா இப்பல்லாம் என்னய பஸ்ல எங்கயும் அனுப்பறதில்ல, இனிமே நீதான் வரணும்"னு சிரிச்சிக்கினே சொன்னா. மன்னிப்பு கேக்கணும்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கினு போனவ, பாஸுன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிட்டேன்.