மூன்றாவது அழைப்பு

எங்கள் திருத்தணி நீதிமன்றத்தில் டவாலி பெயர் கூப்பிடும் குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. ஒரே பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். மூன்றாவதை மட்டும் கொஞ்சம் இழுத்து, ஆள் வர வழிவிடுவதுபோல் நிறுத்துவார். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தது அந்தக் குரலும் நகலெடுக்க வந்த தீர்ப்புகளும்தான்.

ஒருநாள் அவர் கூப்பிட்டது எங்கள் பாவாவை. பெரியம்மா மகளின் கணவர். பொதட்டூர்பேட்டையில் வீட்டுத் தறியில் லுங்கி நெய்தவர், அரக்கோணம் போய்வருகிறேன் என்று பஸ் ஏறினார். ஏழு வருஷத்துக்கு மேல் சேதியே இல்லை. "அண்ணன் வர்ற வரைக்கும் வூடு எங்க பொறுப்பு, நீ கெளம்பு அண்ணி" என்று அவர் தம்பி நெருக்கினான். வீடு பாவா பெயரில். அவர் இறந்ததாகத் தீர்ப்பு வந்தால்தான் அக்கா அங்கே இருக்க முடியும். ஆகவே பொட்டு வைத்த நெற்றியோடு போய், என் கணவர் இறந்துவிட்டார் என்று சொல்லுங்கள் எனக் கேட்டு வழக்குப் போட்டாள். இருந்தால் வந்து சொல்லட்டும் என்று பாவாவையும் எதிராளியாகச் சேர்த்திருந்தார் அவள் வக்கீல்.

டவாலி மூன்றாவது தரம் கூப்பிட்டு நிறுத்தினார். வெளியே வேப்பமரத்துப் பக்கமிருந்து, "ஆங்" என்றது ஒரு குரல்.

எல்லாத் தலைகளும் திரும்பின. தம்பி எழுந்தே நின்றுவிட்டான். அக்கா மட்டும் முந்தானை நுனியைப் பிடித்தபடி நீதிபதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டவாலி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மரத்தடியில யாரும் இல்லீங்க ஐயா. மலையிலேர்ந்து எறங்கின மொட்டைங்க நாலஞ்சு பேரு கேட்டாண்ட நிக்கிறாங்க. விசாரிச்சா, கூப்ட்டதே காதுல வுழலங்கிறாங்க."

அன்றைக்கே அக்கா பக்கம் தீர்ப்பானது. திரும்பும் பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "தறியில ஒக்காந்துகினு இருக்கறப்ப சோத்துக்குக் கூப்ட்டா, தல நிமிராமலே அப்படித்தான்டா சொல்வாரு."

"அப்ப ஏங்க்கா நீ திரும்பிப் பாக்கல?"

"வூடுடா" என்றாள்.

இப்போது இத்தகைய வழக்குகளில் வரும் தீர்ப்புகளை விடாமல் படிக்கிறேன். வழக்குப் போட்ட சமயத்தில் ஆள் உயிரோடு இல்லை என்று கொள்ளலாமாம். எந்த நாளில் போனார் என்பதை மட்டும் நீதிமன்றம் ஊகிக்காதாம், நாள் சொல்கிறவரே நிரூபிக்க வேண்டுமாம். நியாயம்தான். ஆனால் நாளே இல்லாமல் செத்தவருக்கு எப்படித் திதி கொடுப்பது? ஐயர் கேட்டபோது, அக்கா அந்த வாய்தா நாளைச் சொன்னாள். "அது வரைக்கும் இருந்தாருல்ல, நான்தான் கேட்டேனே" என்றாள். சட்டம் சொன்னதற்கு நேர் எதிர். அவளிடம் யார் போய் நிரூபிக்கச் சொல்வது?

இந்த வருஷமும் திதிக்குப் போயிருந்தேன். டவாலி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கூப்பிடும் வேலையை இப்போது அக்கா செய்கிறாள். இலையில் எல்லாம் பரிமாறிவிட்டு வாசலுக்கு வந்து, "என்னங்க" என்றாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றிருந்தது. மறுபடியும், "என்னங்க." அத்தோடு உதட்டை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தரம் கூப்டுக்கா."

"வேணாண்டா" என்றாள். "ஆங்னுட்டாருன்னா?"

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.