யூசுஃப் பாயின் மூட்டைகள்

போன வாரம் கொண்டாப்பூர் வீட்டில் எங்கள் இன்டக்‌ஷன் அடுப்பு செத்துப்போனது. பழுதுபார்க்க வந்த பையன் மூடியைக் கழற்றி ஒரே ஒரு பார்வை பார்த்தான். போர்டையே மாற்ற வேண்டும், இந்த மாடலுக்கு போர்டு வருவதில்லை, புதிது வாங்கிவிடுங்கள் என்று தெலுங்கில் சொன்னான். தலை வீங்கிய கெபாசிட்டர் ஒன்று கண்ணெதிரே நிற்கிறது. கட்டைவிரல் அளவுச் சாமான். அதைக் காட்டினேன். தனியாக வராது என்றான். வந்த கோபத்தில் அவனுக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை. பாவம், அவன் என்ன செய்வான்.

மறுநாளே கோட்டி கடைத்தெருவுக்குப் போய் அந்தக் கெபாசிட்டரை வாங்கிவிட்டேன். குஜராத்தி கல்லியில் இன்றும் சில கடைகளில் எல்லாம் சில்லறையாகக் கிடைக்கும். தனியாக வராதாம்! சந்துக்குள் யாரோ பற்றவைக்கும் ஈயப் புகை மூக்கில் ஏறியதும் ராஜி அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா அப்போது சிகந்திராபாத்தில் கணக்கு டீச்சர். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போய்விட்டது, காற்றுதான் வரும். பிள்ளைகளுக்குக் கேட்காத டீச்சர் எதற்கு என்றது நிர்வாகம். பதினேழு வருஷம் கத்திக் கத்திப் பாடம் சொன்னவளுக்குக் கோடை விடுமுறை வரை கெடு வைத்தார்கள்.

"ராஜினாமா எழுதிக் குடுத்துடவாடி?" என்று என் காதோடு கேட்டாள். அன்று கொதித்தது எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நான் அப்போது பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் புது டெக்னீஷியன். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. வீட்டிலேயே சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்தேன். அது அக்காவை விட்டுவிட்டு வகுப்பின் இரைச்சலை எடுத்து அலறியது. விமான ஓட்டிகள் மாட்டிக்கொள்வார்களே, உதட்டோடு ஒட்டி நிற்கும் மைக், அதுதான் வேண்டும். புதிதாக எங்கே வாங்குவது? இதே குஜராத்தி கல்லியில், ஏலத்தில் எடுத்த பழைய சாமான்களை மூட்டை மூட்டையாக வைத்திருந்த யூசுஃப் பாய் கடைக்கு அக்காவையும் கூட்டிப் போனேன்.

"கைக்கு ஹோனா, மா?" என்றார். எதற்கு வேண்டும் என்று கேட்கிறார். அக்காவின் குரல் போன கதையைச் சொன்னேன்.

பாய் அக்காவைப் பார்த்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தொழுகைக்கு எழுந்து போனதைத் தவிர மத்தியானம் முழுவதும் மூட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். மூன்று மைக் பேசவில்லை. நாலாவதை மாட்டினேன். அக்கா மெதுவாக, "ஏழேழு நாப்பத்தொம்பது" என்றாள். நான் கொண்டுபோயிருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலிருந்து அவள் குரல் வந்தது. எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா அழுதாள், அதுவும் ஸ்பீக்கரில் கேட்டது.

"ஹவ், ஆவாஸ் ஆ ரை" என்றார் பாய், குரல் வருகிறது என்று தனக்குத்தானே. ரிட்டயர் ஆகும்வரை அக்கா அதை மாட்டிக்கொண்டுதான் பாடம் நடத்தினாள்.

இப்போது அந்தக் கடையில் பாயின் மகன். மொபைல் உறை விற்கிறார். மூட்டைகள் எங்கே என்றேன்.

"அப் தோட்கே தேதே, ஆன்ட்டி" என்றார். ஏலம் விடுகிறவர்கள் இப்போதெல்லாம் உடைத்துத்தான் கொடுக்கிறார்களாம். போனில் ஒரு வீடியோ காட்டினார். ஏதோ கிடங்கில் இரண்டு பேர் சுத்தியலோடு உட்கார்ந்து மீட்டர்களையும் ஹெட்செட்களையும் நசுக்குகிறார்கள். உறை பிரிக்காதவையும் அதில் உண்டு. வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாதாம். அதற்குச் சாட்சியாக ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

கெட்டுப்போனதை நொறுக்கினால் பொறுத்துக்கொள்வேன். வேலை செய்கிற சாமானை ஆள் வைத்துக் கொல்வதற்கு என்ன பெயர்? கோட்டியில் இன்றும் புதுசு வாங்கலாம். ஒருவர் வேண்டாமென்று கழித்தது இன்னொருவர் கைக்கு வந்து சேரும் வழியைத்தான் அடைத்துவிட்டார்கள்.