ஜன்னலைச் சாத்தினா ஆஃப் ஆயிடும்

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பாதி வேலையில் தானாக அணைந்து, தொட்டால் இட்லிப் பானை மாதிரி சுட்டிருக்கிறதா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். திருவொற்றியூரில் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தேன். பழைய சிபியூ சூடானால் வைத்தியம் எளிது. தூசியை ஊதணும், பிராசசர் மேல் காய்ந்துபோன, சூட்டை இழுத்துக் கடத்துகிற பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவணும், ஃபேன் சுற்றாவிட்டால் மாற்றணும். மற்ற ஊருக்கு இது போதும். எண்ணூர் பக்கத்துக்குப் போதாது.

சிமென்ட் மாதிரி

எண்ணூர் நெட்டுக்குப்பம் மேரிக்கா முதல் தடவை வந்தபோது சிபியூவை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்தே ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கிறவர். புருஷன் கடலுக்குப் போகிறவர். கடல் கை கொடுக்காத நாளில் இந்தப் பெட்டிதான் சோறு.

மூடியைக் கழற்றினேன். வழக்கமான வீட்டுத் தூசி பஞ்சு மாதிரி இருக்கும். இது சிமென்ட் மாதிரி நைசாக, சாம்பலாக, ஃபேன் இறக்கைக்கெல்லாம் பூசி வைத்த மாதிரி இருந்தது. புளோயரை வைத்ததும் கடையே புகை மண்டலம். கடைக்காரர் பாய் தும்மித் தும்மிக் கேட்டார்: "வூட்ல கம்ப்யூட்டர் வச்சினுகிறியா, அடுப்பு வச்சினுகிறியாமா?"

மேரிக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுப்பு வூட்ல இல்ல பாய். எதுத்தாப்ல, கரி எரிக்கற கரண்டு கம்பெனில கீது. பொகைபோக்கி மட்டும் இம்மாம் ஒசரம்."

புடவை கட்டின சிபியூ

கொஞ்ச நாளில் மறுபடி போன். இந்தத் தடவை நானே வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, தகரக் கூரை. மேசைக்குப் பக்கத்தில் பாய் விரித்து மகள் ஜெனி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். ரெண்டாங் கிளாஸ். ஒரு வரி வாசிப்பாள், ஒரு இருமல் இருமுவாள்.

சிபியூவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய நைலக்ஸ் புடவையை நாலாக மடித்து, ஒரு இடுக்கு விடாமல் சுற்றிச் செருகியிருந்தார்கள். சாம்பல் போகாது, சரி. சூடு எப்படி வெளியே வரும்? "மூச்சு விடக்கூட ஓட்டை இல்லியேக்கா" என்றேன். மேரிக்கா சிரிக்கவில்லை.

"டாக்டரு சொன்னாருன்னு புள்ளைக்கு மூஞ்சில துணி கட்டித்தான் வெளிய அனுப்பறேன். அதுக்கு மட்டும் மூச்சு முட்டாதா இன்னா?"

ஐஸ் வைத்தியம்

நடுவில் சிரிக்க ஒன்று. ராயபுரத்தில் மீனுக்கு ஐஸ் விற்கிற ஒரு கடை. அங்கேயும் சிபியூ சூடாகிறது என்று கூப்பிட்டார்கள். போனால் தொட ஜில்லென்று இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை. ஐஸ் பெட்டியோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். திறந்தால் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் வேர்த்து, போர்டெல்லாம் துரு.

கணக்கு பார்க்கிறவர் ரொம்ப வருத்தமாகச் சொன்னார்: "ஐஸ்ல வச்சா மீனே கெடாது. இது கெட்டுப்போச்சுன்னா எங்க மேல இன்னாமா தப்பு?"

ஜன்னல்

மேரிக்கா வீட்டுக்குப் பலதும் செய்து பார்த்தேன். புடவையை எடுத்துவிட்டு, என் பையனின் பழைய சாக்ஸை வெட்டிக் காற்று போகிற துளைகளில் வலை மாதிரி ஒட்டினேன். சாக்ஸே அடைத்துக்கொண்டது. பெட்டியை வாசலில் வைத்து நீள வயர் போடலாமென்றால் உப்புக் காற்றில் போர்டு பச்சை பூத்துவிடும். புதுப் பெட்டிக்கு வழியில்லை.

வம்பு ஜன்னலில்தான். திறந்தால் அறை ஆறும், உள்ளே சேரும் சாம்பலை அவ்வப்போது தட்டினால் பெட்டி ஓடும். சாம்பல் வந்து ஜெனிக்கு இழுப்பு வரும். சாத்தினால் ஜெனி தேவலை. தகரத்துச் சூட்டில் பெட்டி ஆல்பத்தின் பாதியில் அணைந்துவிடும். புதுசாக ஊதி, பேஸ்ட் தடவின கையோடு என்றால், சாத்திய அறையிலும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அப்புறம் பழைய கதை. ஸ்டூடியோக்காரர் வேறு ஆள் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை வைத்திருக்கிற பாயிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பொட்டின்னா ஏதாச்சும் பண்ணலாம்மா. ஜன்னலுக்கு நம்ம கைல இன்னா கீது?"

குளிர்ச்சியான பெட்டி

போன வாரம் காத்திவாக்கத்தில் ஒரு வேலை. அப்படியே மேரிக்காவை எட்டிப் பார்த்தேன். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. மேசையெல்லாம் சாம்பல், நடுவில் துடைத்த இடத்தில் மட்டும் கீபோர்டு. சிபியூ மேல் கை வைத்தேன், சூடே இல்லை. ஜெனியின் பாய் சுருட்டி பீரோ மேல் இருந்தது.

"அவங்க அத்த வூட்ல வுட்டுட்டேன். செங்கல்பட்டுக்கு அந்தாண்ட. அங்கியே இஸ்கோலு. இருமலே இல்லியாம்" என்றார். ஸ்கிரீனில் ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தை வெள்ளையாக்கிக்கொண்டிருந்தார். எனக்கு என் பையன் ஞாபகம் வந்தது.

நான் கை வைத்த பெட்டிகளில் இவ்வளவு குளிர்ச்சியாக ஓடுவது இது ஒன்றுதான்.

கிளம்பும்போது மேரிக்கா மவுஸை விடாமலே சொன்னார்: "பரிச்ச லீவுக்கு வூட்டுக்கு வருது கண்ணு. அதுக்கு மொத நாளு வந்து நல்லா ஊதி, அந்தப் பேஸ்ட்ட புச்சா தடவிக் குட்த்துட்டுப் போ. ஜன்னல சாத்திக்கினு இது எத்தினி நாளு ஓடுதோ, அத்தினி நாளு புள்ளைய வச்சிக்கறேன்."