அநித்தியம் ஆடிய கை

எங்கள் தெருவில் பட்டுக்கை என்றால் என் அக்கா புருஷன்தான். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். அவர் சவரம் செய்த கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். இரண்டு ஈ விழுந்ததை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கடையில் துணி தேய்க்கிற எனக்கு இதற்கெல்லாம் நேரம் உண்டு.

அந்தக் கைக்கு ஒருநாள் சினிமா யோகம் அடித்தது. பெரிய வியாபாரி ஒருவன் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புத்த பிக்கு ஆகிற படம். அவனுக்கு மொட்டை போட ஒரு ஜோடிக் கை வேண்டும், முகம் வேண்டாம் என்று மாமாவைக் கூட்டிப்போனார்கள். முகம் வேண்டாம் என்றதில் அக்காவுக்கு வருத்தம். கேமராவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

டைரக்டர் காதோரம் வந்து சொல்லியிருக்கிறார்: “அண்ணே, ஒரே தடவைதான். ஹீரோ எட்டு மாசமா வளர்த்த முடி. சொதப்புனா இன்னொரு எட்டு மாசம் இத்தனை பேரும் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.”

அவ்வளவுதான். முப்பது வருஷமாக அசையாத கை ஆடிவிட்டது. ஒரு கீறல் இல்லாமல் முடி இறங்கியது என்னவோ உண்மை. ஆனால் நடுக்கம் படத்தில் பதிந்துவிட்டதே!

படம் வெளிவந்தபோது திரையில் மாமாவின் கை லாரி நீளம் இருந்தது. அந்த லாரி நீளக் கை, கப்பல் நீளக் கத்தியைப் பிடித்துக்கொண்டு, குளிர் ஜுரம் கண்ட மாதிரி வெடவெடத்தது. முதல் மூன்று வரிசைக்காரர்களும் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் முதல் பட்டுக்கை, கை தந்தியடிக்கிறவர் என்று ‘தந்தி’ ஆனார். கடையில் ஈ மட்டும்தான் இருந்தது, வழுக்கக் கன்னம் கிடைக்காமல். தினமும் வருகிற தபால்காரர்கூட முள்ளம்பன்றி மாதிரி தாடியோடு தலையைக் குனிந்துகொண்டு போனார்.

“என்னண்ணே, சவரம் வேணாமா?” என்று மாமா கூப்பிட்டார்.

“உடம்பு சரியில்லப்பா. சவரம் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். “இந்த மாசத்துக்குள்ள ஒரு ஆளாவது வந்து உக்காரலைன்னா, கடையச் சாத்திட்டு என் தம்பிகூட துணி தேய்க்கப் போங்க.”

அந்தக் கையில் இஸ்திரிப் பெட்டியா? எனக்கே வேர்த்துவிட்டது.

அந்த வாரம்தான் நூலகத்தில் அந்தப் படத்தைப் பற்றிக் கூட்டம். பேச வந்த பேராசிரியருக்கு இடுப்பு வரை தாடி. நானும் மாமாவும் பின்வரிசையில் உட்கார்ந்தோம்.

“மொட்டை போடும் இடத்தில் சுற்றும் மின்விசிறியைக் கவனித்தீர்களா? மூன்று இறக்கை. புத்தம், தம்மம், சங்கம்!” என்றார் பேராசிரியர். “சுழல் நாற்காலி தர்மச் சக்கரம். விழும் முடி, விட்டுப்போகும் பற்று.”

மாமா என் தொடையைக் கிள்ளினார். “டேய் மச்சான், நம்ம கடை ஃபேனுக்கும் மூணு இறக்கைதான்டா!”

“ரெண்டுதான் மாமா. போன வருஷம் சங்கம் கழண்டு விழுந்துருச்சு.”

பேராசிரியர் குரலை உயர்த்தினார். “அந்தக் கை ஏன் நடுங்குகிறது? பயமா? இல்லவே இல்லை! உலகில் எதுவும் நிலையில்லை என்பதை அந்தக் கை உணர்ந்துவிட்டது. அதுதான் அநித்தியம்!”

மாமா எழுந்து நின்றார். “ஐயா, அது என் கைதாங்க.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

“பயம் இல்லன்னு நீங்க சொல்றீங்க, ஊர்ல எவனும் நம்பலையே! நாளைக்குக் காலைல கடைல வந்து உக்காருங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

பேராசிரியர் தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நானா? இது இருபது வருஷத் தாடிப்பா!”

“முடின்னா பற்றுன்னு இப்பதானே சொன்னீங்க?”

“அது தலைமுடி. தாடி அதுல சேருமான்னு... ஆராய்ச்சி பண்ணணும்.”

முன்வரிசையிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். “ஒரு ஆராய்ச்சியும் வேணாம், போயிட்டு வாங்க. எனக்கு அதுமேல என்னைக்குமே பற்று இருந்ததில்ல.”

மறுநாள் காலை கடைவாசலில் தெருவே நின்றது. பேராசிரியர் தர்மச் சக்கரத்தில் ஏறி உட்கார்ந்தார். அது கிறீச்சிட்டது. மாமா வெள்ளைத் துணியைப் போர்த்திக் கத்தியை எடுத்தார். தாடி பாதி இறங்கியதும் துணி படபடவென்று அடித்துக்கொண்டது.

“பாத்தியா, ஆடுது! ஆடுது!” என்று தபால்காரர் கூவினார்.

நான் எட்டிப் பார்த்தேன். மாமாவின் கை சுவரில் அறைந்த ஆணி மாதிரி நின்றது. ஆடியது பேராசிரியரின் முழங்கால்.

மாமா அவர் காதருகே குனிந்தார். “ஐயா, அந்த அநித்தியத்தக் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சுக்குங்க. தொண்டைகிட்ட வந்துட்டேன்.”

தெரு சிரித்த சிரிப்பில் விசிறியின் மிச்ச இரண்டு இறக்கையும் விழுந்திருக்கும். எப்படியோ தப்பின.

வேலை முடிந்ததும் பேராசிரியர் கண்ணாடியைப் பார்த்து, “இது யாரு?” என்றார். பதில் வருவதற்குள் அவரை நகர்த்திவிட்டுத் தபால்காரர் ஏறி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மனம் மாறிவிட்டாராம்.

பேராசிரியர் வாசலில் நின்று புதுக் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு ஈ வந்து அதில் உட்கார்ந்தது, வழுக்கியது.

மூன்று.